ஒற்றைக் கப்பி

நிக்கோலாசா பொறுமைசாலி இல்லை. அதை அவளே ஒத்துக்கொள்வாள். ஆனால் இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையையும் இந்த ஊர் ஒன்பது மாதமாகச் சுரண்டித் தின்றுவிட்டது. அதற்கு அவள் பொறுப்பில்லை.

எல் சபினால் கிராமத்தில் வருஷா வருஷம் மே மூன்றாம் தேதி, சிலுவைத் திருநாளுக்கு, ஊற்றுக் குளத்தைக் கழுவுவார்கள். பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டு, சுண்ணாம்பைக் கூடை கூடையாகக் கொட்டி, துடைப்பத்தால் தேய்த்து, வேட்டுப் போட்டு, பன்றிக்கறி வறுத்துத் தின்றுவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் சுண்ணாம்பு கூடாது, தண்ணீரை அடி தெரிய வடிக்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு மீன் விடாமல் பிடித்து இனம் பிரிக்க வேண்டும் என்று நிக்கோலாசா சொன்னாள். குளத்தைப் பன்னிரண்டு வருஷமாகக் காவல் காப்பவள் என்பதால் அவளைப் பேசவிட்டார்கள். கேட்டார்கள் என்று சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். அந்தக் குளத்தில் மஞ்சள்வாலன் என்று விரல் நீளத்துக்கு ஒரு மீன் உண்டு. குட்டி போடுகிற சாதி. உலகத்திலேயே வேறெங்கும் கிடையாது என்று மொரேலியா நகரத்திலிருந்து வரும் பேராசிரியை சொல்லியிருக்கிறாள். உலகத்தைப் பற்றி நிக்கோலாசாவுக்குத் தெரியாது, மஞ்சள்வாலனைப் பற்றித் தெரியும். ஆண் மீன் பெண்ணுக்கு முன்னால் வந்து வாலை விரிக்கும். ஆடும், நடுங்கும், இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் வரும். அவளுக்குப் பிடித்திருந்தால் கூட நின்று அவளும் நடுங்குவாள். பிடிக்கவில்லையென்றால் திரும்பிப் போய்விடுவாள், கதை முடிந்தது. வலுக்கட்டாயம் பண்ண அவனுக்கு உடம்பில் வசதி கிடையாது. ஒவ்வொரு ஈற்றுக்கும் புதிதாய் ஆடித்தான் ஆக வேண்டும்.

எங்கிருந்தோ வந்து சேர்ந்த கப்பி மீன் அப்படி இல்லை. கப்பி ஆணுக்கு வயிற்றுக்குக் கீழே ஊசி மாதிரி ஒரு துடுப்பு. கேட்பதுமில்லை கொள்வதுமில்லை, பின்னால் வந்து குத்திவிட்டுப் போவான். தன் இனத்துப் பெண்ணை மட்டும் குத்தினாலும் பரவாயில்லை, மஞ்சள்வாலன் பெண்களையும் விடுவதில்லை. பொழுது முழுக்க விரட்டு. அந்தப் பெண்கள் இரை தேடாமல் பாசிக்குள் ஒளிந்து கிடந்து, இளைத்து, வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள். இதைப் பார்த்துக்கொண்டு நிக்கோலாசாவால் சும்மா இருக்க முடியவில்லை.

ஊர்க்கூட்டத்தில் இதையெல்லாம் அவள் எடுத்துச் சொன்னபோது, தலைவர் தோன் மெலிதோன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, மீனுக்குக்கூடவா பொண்ணுகிட்ட சம்மதம் கேக்கணும்?"

"மீனாச்சும் கேக்கட்டும்னுதான் பாடுபடுறேன், தோன் மெலிதோன்."

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் பாதிக் காரியம் நடந்தது. மீதிப் பாதிக்கு இன்னும் பதின்மூன்று கூட்டம் ஆயிற்று.

மே இரண்டாம் தேதி காலையில் மதகைத் திறந்தார்கள். எட்டுப் பெண்களோடு நிக்கோலாசா முழங்கால் சேற்றில் இறங்கினாள். இருட்டும்வரை குனிந்த இடுப்பு நிமிரவில்லை. மஞ்சள்வாலன் அறுநூற்றுப் பதினொன்று தேறியது. அவற்றை மூன்று தொட்டிகளில் விட்டுக் காற்றுக்குழாய் போட்டாள். கப்பிகள் ஆயிரக்கணக்கில். ஊர்க் கோழிகளுக்கு அன்று கல்யாணச் சாப்பாடு. ஒரு பெண்ணை மட்டும் அவள் நாலு தடவை கூப்பிட்டுத் திட்டினாள். "பொடிசுன்னு விடாத. ஒரே ஒரு கப்பிப் பொட்டை உள்ள தங்கினாலும் நாம பட்ட பாடு நாய் பட்ட பாடு." திட்டு வாங்கியவள் மறுநாள் வரவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் சுண்ணாம்பில்லாமல் குளத்தைத் தேய்த்தார்கள். உச்சிவேளைக்கு ஊற்று மறுபடி குளத்தை இடுப்பளவு நிரப்பியிருந்தது. அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றாய் எண்ணலாம்போல் தெளிவு. பாதிரியார் மந்திரித்தார், வேட்டுப் போட்டார்கள். இனி மீன்களை விட வேண்டியதுதான் பாக்கி. நிக்கோலாசாவுக்கு முதல்முறையாக மூச்சு நிதானமாக வந்தது.

அப்போது குடங்கள் வந்தன.

வராமல் இருக்குமா? வருஷா வருஷம் வருகிறதுதான். குளத்தைக் கழுவி நிரப்பியதும் வீட்டுக்கு ஒரு குடம், அவரவர் முற்றத்துத் தொட்டியிலிருந்து மொண்டு, காகிதப்பூ சுற்றிக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். தண்ணீர்தான் தண்ணீரைக் கூப்பிடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. திருப்பிக் கொடுக்காத ஊருக்கு ஊற்று முகம் கொடுக்காதாம். நிக்கோலாசாவும் ஆறு வயசிலிருந்து ஊற்றுகிறவள்தான். அன்று காலையிலும் எழுந்ததும் முதல் வேலையாகத் தன் குடத்தை நிரப்பி, சிவப்பும் ஊதாவுமாகப் பூச் சுற்றி, சபினோ மரத்தடியில் கொண்டுவந்து வைத்திருந்தாள். இப்போது அதைத் தூக்கப் போனாள். குடத்து வாய்க்கு ஒரு கப்பி மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டு, உள்ளே போயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டெங்கு வந்தபோது, கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று வீட்டு வீட்டுத் தொட்டியிலும் கப்பி விட்டது யார்? அவளேதான். இந்தக் குளத்திலிருந்தே வாளி வாளியாக மொண்டு, குளத்திலும் குறையட்டும், தொட்டியிலும் புழு ஒழியட்டும் என்று பெரிய புத்திசாலியாட்டம் வீடு வீடாகப் படி ஏறி இறங்கிக் கொடுத்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். ஒன்பது மாதம் சுண்ணாம்பையும் மதகையும் யோசித்தவளுக்கு, கையில் பிடித்திருந்த குடம் கண்ணில் படவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கோவில் திருப்பத்திலிருந்து குளத்துப் படிவரைக்கும் வரிசை. எழுபத்து மூன்று குடம். எல்லாவற்றிலும் பூ.

"நில்லுங்க. ஒருத்தரும் ஊத்தக் கூடாது."

தோன் மெலிதோன் கண்ணை மூடிக்கொண்டார். "நிக்கோலாசா, போதும் தாயி. நீ சொன்னேன்னு சுண்ணாம்பு வேண்டாம்னோம். நீ சொன்னாப்புல வடிச்சோம். இப்ப சாமி காரியத்துலயுமா?"

"தோன் மெலிதோன், குடத்துக்குள்ள கப்பி இருக்கு."

"எதுல?"

"எல்லாத்துலயும். நான்தான் குடுத்தேன்."

"குடுத்தவளே இப்ப வேண்டாங்குறியே, உனக்கு என்னதாம்மா வேணும்?"

குழம்புக் கரண்டியோடு நின்ற ஒரு கிழவர் பன்றிக்கறி தீய்கிறது என்று முனகினார். வரிசையில் பின்னால் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறதென்று தெரியாமல் முன்னால் நெருக்கினார்கள். வடிகட்டி கொண்டுவருகிறேன் என்று அவள் சொன்னதும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மந்திரித்த குளத்துக்கு வருகிற தண்ணீரை அத்தோலேக் கஞ்சி மாதிரி வடிகட்டுவதா என்றாள் செனோபியா. செனோபியாவுக்கு எப்போதும் வாய் முந்தும், புத்தி பின்னால் ஆற அமர வரும்.

நிக்கோலாசா சுற்றுமுற்றும் பார்த்தாள். குளத்து மேட்டில் சிலுவை நின்றது. அதன் இரண்டு கையிலும் தொங்கவிட்ட வெள்ளைத் துணி, மெல்லிய பருத்தி, ஓரமெல்லாம் தையல் வேலை. விறுவிறுவென்று ஏறிப்போய் முழங்கால் போட்டு, நெற்றியில் சிலுவைக் குறி போட்டு, அதை அவிழ்த்துக்கொண்டு இறங்கினாள். அவள் முகத்தைப் பார்த்து யாரும் தடுக்கவில்லை.

"சிலுவைத் துணி வழியாப் போற தண்ணி கெட்டுப் போவுமா, சாமி?" என்று பாதிரியாரிடம் கேட்டாள்.

பாதிரியாருக்கு இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருந்தது, பசியும் இருந்தது. "இன்னும் விசேஷம்தான்" என்றார்.

அவ்வளவுதான், காற்று திசை மாறிவிட்டது. நாலு பெண்கள் துணியை நாலு மூலையில் பிடித்தார்கள். ஒவ்வொரு குடமாக அதன்மேல் கவிழ்ந்தது. தண்ணீர் வழிந்து குளத்தில் விழ, துணிமேல் கப்பி துள்ளியது. நிக்கோலாசா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டாள். முதலில் முகம் சுளித்தவர்களே பிறகு அவரவர் குடத்தில் எத்தனை வந்ததென்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தோன் மெலிதோன் வீட்டுக் குடத்தில் ஒன்பது. "எங்க வீட்டுல எல்லாமே அதிகந்தான்" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார். நிக்கோலாசாவின் தொண்டை கட்டிவிட்டது, இடுப்பு கழன்றுவிட்டது. எழுபத்து இரண்டு குடம் முடிந்தது.

எழுபத்து மூன்றாவது அம்பாரோவுடையது. இந்த வருஷத் திருநாள் பொறுப்பு அவளுக்கு. பொறுப்பு எடுத்தவள் கடைசியாக வந்து, நேரே ஊற்றுக்கண்ணில் ஊற்றுவது வழக்கம். அம்பாரோ நிக்கோலாசாவுக்கு யாரென்றால் கொமாத்ரே. அவள் மகள் யெசேனியாவுக்கு நிக்கோலாசா ஞானத்தாய். அந்த உறவு கூடப்பிறந்ததற்கு மேல். அந்தச் சிலுவைத் துணியைத் தைத்தவளும் அம்பாரோதான்.

"மூணு மாசம் உக்காந்து தைச்ச துணி இது" என்றாள் அம்பாரோ. குரல் ஏறவில்லை. அதுதான் ஆபத்து.

"துவைச்சுத் தரேன், கொமாத்ரே."

"மீன் கவிச்சியோடயா சிலுவைக்குப் போத்துறது?"

"சிலுவையில ஏறுனவரு கூட இருந்தவங்க பாதிப் பேரு மீன் பிடிக்கிறவங்க. அவருக்குப் பழக்கந்தான்."

யாரோ சிரித்தார்கள். அம்பாரோ சிரிக்கவில்லை. "என் குடம் துணியில ஊத்துற குடம் இல்ல. கண்ணுல ஊத்துறது. வழி விடு."

"துணியில ஊத்திட்டு அந்தத் தண்ணியப் பிடிச்சு கண்ணுல ஊத்திக்கலாமே."

"எச்சிலா அது, மறுபடி பிடிக்க? நிக்கோலாசா, எங்க தொட்டியில இருந்ததே ஒரே ஒரு கப்பி. ஜனவரில தொட்டியக் கழுவினப்ப எல்லாம் போயி, ஒரு பொட்டை மிஞ்சுச்சு. நாலு மாசமா ஒண்டியாக் கெடக்கு. அது குடத்துல வந்திருக்கோ இல்லையோ, யாரு கண்டா. வந்தாத்தான் என்ன, ஆம்பளை வாசனையே இல்லாம அது என்னத்தப் பெத்துக் கிழிக்கப் போவுது?"

இரண்டு நாள் சேறு, தூக்கமில்லை, பதினான்கு கூட்டம். நிக்கோலாசாவுக்கு எல்லாம் சேர்த்து வந்தது.

"ஐயோ, அதத்தானே ஒன்பது மாசமாக் கத்துறேன். ஆம்பளை பக்கத்துல இருக்கவே வேணாம். கப்பிப் பொட்டைக்கு ஒரு தடவை போதும். அவன் போயி எத்தனை மாசம் ஆனாலும் வயித்துக்குள்ள பத்திரமா வெச்சுக்கிட்டு மாசா மாசம் பெத்துப்போடுவா. உங்க தொட்டியில ஒளிய பாசி இல்ல, பெத்தத அவளே தின்னிருப்பா, நீங்க பாத்திருக்க மாட்டீங்க. அவ பெக்குற கணக்கு ஊரே கூடி விரல் விட்டாலும் ஒத்து வராது."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

ஏனென்றால் விரல் விட்டு எண்ணப்பட்டவள் அம்பாரோ. அவள் புருஷன் வடக்கே எல்லை தாண்டிப் போனது ஒரு பெப்ரவரிக் கடைசி. யெசேனியா பிறந்தது டிசம்பர் முதல் வாரம். பிள்ளை பதினைந்து நாள் தள்ளிப் பிறந்தது, அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு ஒன்பது விரல் போதாமல் பத்தாவது விரலும் தேவைப்பட்டது. போனவன் திரும்பவும் இல்லை, கடிதமும் இல்லை. பிள்ளைக்கு ஞானத்தாயாய் நிற்க ஊரில் ஒருத்தியும் வரவில்லை. நிக்கோலாசாதான் வந்தாள். பதினேழு வருஷமாக அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, எடுத்தவர்களை விட்டதுமில்லை. இன்று, திருநாளில், பாதிரியார் முன்னால், அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"நம்ம ஊர்லயும் ஒரு கப்பி உண்டுபோல" என்றாள் செனோபியா, மெதுவாக, எல்லாருக்கும் கேட்கும்படி.

அம்பாரோ செனோபியாவைப் பார்க்கவில்லை. நிக்கோலாசாவைப் பார்த்தாள். குடத்தை இடுப்பிலிருந்து தூக்கினாள். நேரே ஊற்றுக்கண்ணுக்குத்தான் போகப் போகிறாள் என்று நிக்கோலாசா குறுக்கே கையை விரித்தாள். அம்பாரோ போகவில்லை. நின்ற இடத்திலேயே குடத்தை உயர்த்தி, நிக்கோலாசாவின் தலையில் முழுசாகக் கவிழ்த்தாள். காகிதப்பூச் சாயம் சிவப்பாய் நெற்றியில் வழிந்தது.

நிக்கோலாசா நின்றது குளத்தின் கடைசிப் படி. ஒரு அங்குலம் பின்னால் தண்ணீர். அவளுக்கு அவமானம் உறைக்கவே நேரமில்லை. ரவிக்கைக்குள் ஏதோ துள்ளியது. இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"யாரும் கிட்ட வராதீங்க. படியில தண்ணி ஓடுது பாருங்க, துணியப் போடுங்க. முதல்ல துணியப் போடுங்க."

துணியைப் பிடித்திருந்த நாலு பேரும் படியில் அதை அணையாகப் போட்டார்கள். நிக்கோலாசா ஒவ்வொரு படியாக, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து, மேலே ஏறினாள். இருபது அடி தள்ளி மரத்தடிக்கு வந்த பிறகுதான் கையை உள்ளே விட்டாள். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் கப்பி. பெண். வயிறு உப்பி, பின்பக்கம் கறுத்துப்போய், கையில் குழித்து நின்ற கொஞ்சம் தண்ணீரில் கிடந்து உதறியது. உதறிய உதறலில் குட்டி போட்டது. ஒன்று. சுருண்டு வந்து, விரிந்து, கண்ணும் வாலுமாக நீந்த ஆரம்பித்தது. இன்னொன்று. பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு.

சுற்றி நின்றவர்கள் தலையை நீட்டினார்கள். தோன் மெலிதோன் தொப்பியைக் கழற்றினார். "நாலு மாசமா ஒண்டிக்கட்டையா இருந்ததா இது?" என்று அவர் பாட்டுக்குக் கேட்டார். இதில் ஒன்று குளத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. ஒன்பது மாதம் தொண்டை கிழியச் சொல்லிப் புரியாதது.

அம்பாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நிக்கோலாசாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையை அப்படியே கொண்டுபோய் செனோபியாவின் மூக்குக்கு நேரே நிறுத்தினாள்.

"எண்ணு" என்றாள்.

செனோபியா பின்னால் நகர்ந்தாள்.

"பதினேழு வருசமா எண்ணுனியே. இப்ப எண்ணு. வாயால சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

"எதுக்குடி என்கிட்ட..."

"ஒவ்வொருத்தியும் வந்து எண்ணிட்டுப் போங்க. இவ கணக்க எண்ணி முடிச்சுட்டு, என் கணக்கையும் இன்னியோட முடிச்சுக்கங்க. என் புள்ள பதினஞ்சு நாளு தள்ளிப் பொறந்தா. அவ்வளவுதான். இதுக்கு மேல என் வீட்டு வாசல்ல எவளாவது விரல மடக்குனா, விரல் இருக்காது."

ஒருத்தியும் எண்ணவில்லை. செனோபியா பன்றிக்கறி தீய்கிற பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள். நிக்கோலாசாவின் கையை அம்பாரோ விடவில்லை. வாளிவரைக்கும் கூட்டிப்போய், கப்பியும் குட்டிகளும் விழுகிறவரை பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு பேரும் முழங்காலில் உட்கார்ந்து படியில் தேங்கிய ஒவ்வொரு சொட்டையும் விரலால் தடவிப் பார்த்தார்கள். மூன்றாவது படியில் ஒரு குட்டி கிடைத்தது. கண்டுபிடித்தவள் அம்பாரோதான். நகத்தில் ஏந்திக் கொடுத்தாள்.

அதன் பிறகு அவள் வீட்டுக்குப் போய் குடத்தை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தாள். தன் துணியைத் தானே விரித்துப் பிடித்து, அதன்மேல் ஊற்றினாள். வடிந்த தண்ணீரைக் குடத்தில் பிடித்து, ஊற்றுக்கண்ணில் விட்டாள். துணியில் ஒரு பாசித்துணுக்குக்கூட இல்லை.

சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் மஞ்சள்வாலன்களைக் குளத்தில் விட்டார்கள். அறுநூற்றுப் பதினொன்றில் நாலு செத்திருந்தது. மற்றதெல்லாம் வெறும் குளத்தில் கொஞ்ச நேரம் திகைத்து நின்றுவிட்டு, பிரிந்து போயின. எதுவும் எதையும் விரட்டவில்லை. கரையோரம் ஒரு ஆண் மஞ்சள் விளிம்பு வாலை விரித்து ஒரு பெண்ணுக்கு முன்னால் வந்து நின்றான். ஆடினான், நடுங்கினான். அவள் பார்த்தாள். பிறகு திரும்பி, கல்லுக்கடியில் எதையோ கொத்தித் தின்னப் போய்விட்டாள். அவனும் வாலை மடக்கிக்கொண்டு வேறு பக்கம் போனான்.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்பாரோ.

"அவ்வளவுதான். அவ வேண்டாம்னா வேண்டாம்தான்."

"இதப் பாக்கவா ஊரையே ரெண்டு நாளு சேத்துல இறக்குன?"

நிக்கோலாசாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. தொண்டை கட்டியிருந்ததால் இரண்டும் ஒரே சத்தமாகத்தான் வெளியே வந்தது. "கொமாத்ரே, நான் சொன்னது..."

"பேசாத." அம்பாரோ நனைந்த துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்குக் கேட்டா நான் மன்னிக்க மாட்டேன். எனக்கு இன்னும் தீரல. நாளைக்கு வீட்டுக்கு வந்து கேளு."

இரண்டு படி ஏறியவள் திரும்பி நின்றாள்.

"காலையிலேயே வா. யெசேனியா இருக்கும்போது கேளு."